கணையத்தில் நோய், குடலில் காயம்

அன்புள்ள ஊரப்பாக்கம் வாசகிக்கு,

தம்பியை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு, பார்வை நேரத்துக்காக வெளியே காத்திருக்கும்போது எழுதிய கடிதம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ‘தீவிரக் கணைய அழற்சி’ என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நோய் கணையத்தில் இருக்க வயிறு முழுவதும் ஏன் உப்பியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுக் கோளாறுக்குப் பட்டினியே மருந்து என்று பெரியவர்கள் சொல்ல, மருத்துவமனையில் மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு விடுவது சரியா என்பது இரண்டாவது கேள்வி. குடலுக்கு நல்ல கிருமிகள் தரும் பொடியை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது. கடைசியில் கேள்வியாக இல்லாமல் ஒரு வருத்தத்தை எழுதியிருந்தீர்கள்: தம்பிக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஆனால் தெருவில் யாரும் நம்பவில்லை என்று.

அந்த வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். கணைய அழற்சிக்குக் குடி ஒரு பெரிய காரணம்தான். அதே அளவுக்குப் பெரிய இன்னொரு காரணம் பித்தக்கல். பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் முன்சிறுகுடலில் ஏறக்குறைய ஒரே வாயில்தான் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் அந்த வாயில் சிக்கினாலே போதும், கணைய நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டினாலும் கணையம் பாதிக்கப்படலாம். உங்கள் தம்பியின் ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்திருக்கின்றன. தெருவில் கேட்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள், அவர் குனிந்து நடக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மரவள்ளிக்கிழங்கு தின்றதால் வந்திருக்குமோ என்று உறவினர் ஒருவர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. கேரளத்தில் டாக்டர் ஜி. கீவர்கீஸ் 1960-களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதியது நாள்பட்ட கணைய நோயைப் பற்றி. கணையத்துக்குள் கல் சேர்ந்து, இள வயதிலேயே சர்க்கரை நோய் வரும் வகை அது. சென்னையில் டாக்டர் வி. மோகன் போன்றோரும் அதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். மரவள்ளிமேல் சந்தேகம் இருந்தது, ஆனால் அது நிரூபணமாகவில்லை. பிறகு, டிரிப்சின் என்ற செரிமான நொதியை அடக்கும் ‘ஸ்பிங்க்-1’ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்திய நோயாளிகளில் கணிசமானோரிடம் காணப்பட்டது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது அதுவல்ல, திடீரென்று தாக்கும் வகை.

இனி கணையத்தின் வேலையைப் பார்ப்போம். இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் இந்த உறுப்பு, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீர் சுரக்கிறது. புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின் அதில் உண்டு. கணையமும் புரதத்தால் ஆனதுதானே? அதனால் அந்த நொதி செயலற்ற வடிவில்தான் சுரக்கும், குடலுக்குள் இறங்கிய பிறகே உயிர்பெறும். நோய் வரும்போது இந்த ஒழுங்கு குலைந்து, கணைய உயிரணுவுக்குள்ளேயே நொதி விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்று 1896-ல் பிராக் நகரில் இருந்த நோய்க்குறியியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ மாணவர்கள் இதையே முழு விளக்கமாகப் படித்தார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. கணையம் கரைவதால் கணையம் கெடும், சரி. எங்கோ இருக்கும் நுரையீரலும் சிறுநீரகமும் குடலும் ஏன் கெட வேண்டும்? 2011-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராஜிந்தர் தாவ்ராவும் அசோக் சலூஜாவும் அவர்களுடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். டிரிப்சின் ஆகக்கூடிய முக்கிய நொதி இல்லாத எலிகளுக்குக் கணைய அழற்சியை உண்டாக்கிப் பார்த்தார்கள். கணைய அணுக்கள் சாவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அழற்சி குறையவில்லை, நுரையீரல் பாதிப்பும் குறையவில்லை. நொதி தொடங்கி வைக்கலாம், உடல் முழுவதும் கெடுவதற்கு வேறொன்று வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

அந்த வேறொன்று நம்முடைய பிறவி நோயெதிர்ப்பு. தடுப்பூசி போட்டுப் பழக்க வேண்டியதும், ஒரு கிருமியை ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருப்பதும் எதிர்ப்பின் ஒரு பிரிவு. பிறக்கும்போதே கூட வந்து, யோசிக்காமல் சில மணி நேரத்திலேயே பாய்ந்து வேலை செய்வது இன்னொரு பிரிவு. ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் 1882-ல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிக்குள் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாள் பார்த்தபோது அலையும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்த ஆராய்ச்சிக்கு 1908-ல் நோபல் கிடைத்தது. அவர் செருகியது கிருமியை அல்ல, வெறும் முள்ளை. காயம் ஒன்றே இந்த அணுக்களைக் கூட்டப் போதுமானது. உங்கள் தம்பிக்கும் முதல் நாட்களில் நடந்தது அதுவே. கிருமி எதுவும் இல்லாமலே கடும் அழற்சி.

எப்படி என்றால், சாகும் கணைய அணு தன் உள்ளடக்கத்தைக் கொட்டிவிடுகிறது. அணுவுக்குள் இருக்கும்வரை யாருக்கும் தீங்கு செய்யாத டி.என்.ஏ., ஹிஸ்டோன், ஏ.டி.பி. போன்றவை வெளியே வந்ததும் ஆபத்துச் செய்தியாகிவிடுகின்றன. எதிர்ப்பு அணுக்களில் ‘டோல்’ வகை ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியின் பகுதிகளை உணர்வதற்கென்று அமைந்தவை இவை. இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2011-ல் ப்ரூஸ் பியூட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் நோபல் பெற்றார்கள். இந்த ஏற்பிகள் நம்முடைய சிதைந்த அணுவின் துண்டுகளையும் பிடித்துக்கொள்கின்றன. அதே 2011-ல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, டோல்-9 ஏற்பியோ அணுவுக்குள் இருக்கும் ‘இன்ஃப்ளமசோம்’ என்ற புரதக் கூட்டமைப்போ இல்லாத எலிகளில் கணைய அழற்சியின் கடுமை குறைவதைக் காட்டியது. அந்தக் கூட்டமைப்பு விழித்தால் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சி ரசாயனம் வெளியாகும். கூடவே டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகியவையும் ரத்தத்தில் பெருகும். ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இவையும் போகும்.

இப்போது குடலுக்கு வருகிறேன். அழற்சி ரசாயனங்கள் பட்ட தந்துகிக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் லிட்டர் கணக்கில் திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது. ரத்த அளவு குறைந்ததும் உடல் மூளையையும் இதயத்தையும் முதலில் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகக் குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். குடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளின் நுனிக்கு இயல்பான நாளிலேயே ஆக்சிஜன் குறைவாகத்தான் எட்டும். முதலில் வாடுவது அந்த நுனிதான். டிரிப்ஸ் ஏற்றி ரத்த ஓட்டம் திரும்பும்போது அடுத்த அடி விழுகிறது. திரும்பி வரும் ஆக்சிஜனிலிருந்தே தீவிரமான வேதிப்பொருள்கள் உருவாகின்றன. நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் குடல் சுவருக்குள் கூட்டமாக நுழைந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளை நல்ல திசுவின்மேல் கொட்டுகின்றன.

குடலின் உட்படலம் ஒரே ஓர் உயிரணுவின் தடிமன் கொண்டது. பக்கத்துப் பக்கத்து அணுக்களைச் சில புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. டி.என்.எஃப். பட்டால் அந்தப் பிடி தளரும். படலத்துக்கு மேல் இருக்கும் சளிப் பூச்சு மெலியும். கிருமிக்கொல்லிப் புரதம் சுரக்கும் பேனத் அணுக்களும் தளர்ந்துவிடும். இதே நேரத்தில் குடலின் அசைவு நின்றுபோகிறது. அசைவில்லாத குடலில் காற்றும் நீரும் தேங்கும், பாக்டீரியா பெருகும். உங்கள் தம்பியின் வயிறு உப்பியிருப்பதற்குப் பெரும்பகுதிக் காரணம் இதுதான். கணையத்தைச் சுற்றித் தேங்கிய அழற்சி நீர் மீதியைச் சேர்க்கிறது.

நர்ஸ் சிறுநீர்க் குழாய் வழியாக ஏதோ அழுத்தம் அளக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சிறுநீர்ப்பை மூலம் தெரிந்துகொள்கிறார்கள். அது பாதரச அளவில் 20 மில்லிமீட்டரைத் தாண்டி, உறுப்புகளும் தளர ஆரம்பித்தால், அவசரமாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. அழுத்தம் ஏறினால் குடலுக்கு வரும் ரத்தம் மேலும் குறையும் என்பதால்தான் அவ்வளவு கவனம்.

உட்படலம் தளர்ந்த பிறகு, குடலோடு நிற்க வேண்டியவை உடலுக்குள் கசிகின்றன. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல்வாசிகள் செத்த கணையத் திசுவைப் போய்ச் சேரலாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கணையத்தில் சீழ் பிடிக்கும்போது அங்கே பெரும்பாலும் இவையே அகப்படுகின்றன. முழு பாக்டீரியாகூட வேண்டாம், அதன் உறையில் உள்ள நஞ்சே டோல்-4 ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடும். அடங்க வேண்டிய அழற்சி மறுபடி தலைதூக்கும். குடலிலிருந்து வரும் நிணநீர், மார்பில் உள்ள நாளம் வழியாக ரத்தத்தில் கலந்ததும் முதலில் சந்திக்கும் பெரிய தந்துகிப் படுகை நுரையீரல். ரத்தப்போக்கால் அதிர்ச்சிக்குள்ளான எலிகளில் குடலிலிருந்து வரும் நிணநீர் நாளத்தைக் கட்டிவிட்டால் நுரையீரல் காயம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கணைய நோயாளிக்கு மூச்சுத் திணறல் வருவதில் குடலுக்கும் பங்கு உண்டு என்று கருத இது இடம் தருகிறது. நான் இங்கே சொன்ன நுட்பங்களில் பல எலிகளில் பார்த்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். மனிதரிடம் ஒவ்வொரு படியும் அதே வேகத்தில், அதே வரிசையில் நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஆக, கணையம் தொடங்கியதைக் குடல் பெருக்குகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று காயத்தைக் கொண்டுபோவது நம் எதிர்ப்பு அணுக்களே. அப்படியானால் அந்த எதிர்ப்பை ஒரு மருந்தால் அடக்கிவிட்டால் என்ன? முயன்றிருக்கிறார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு காரணியைத் தடுக்கும் லெக்சிபஃபான்ட் என்ற மருந்தை 290 நோயாளிகளிடம் சோதித்து 2001-ல் முடிவு வெளியிட்டார்கள். உறுப்புச் செயலிழப்பு குறையவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போதே அழற்சி பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது, ஒரு கிளையை அடைத்தால் இன்னொன்று வழியாகப் போகும். அதோடு, செத்த திசுவை அப்புறப்படுத்தவும் சீழைத் தடுக்கவும் அதே அணுக்கள் வேண்டும். முழுவதும் அடக்கிவிட்டால் வேறு ஆபத்து.

எதிர்ப்பை அடக்க முடியாது, குடலைக் காக்க முடியும். மூக்கில் டியூப் போட்டதன் பொருள் இதுதான். முன்பு கணைய நோய் என்றால் வாய் வழியாக ஒன்றும் தர மாட்டார்கள். உணவு போனால் கணையம் சுரக்கும், சுரந்தால் நோய் கூடும் என்று அஞ்சி, கணையத்துக்கு ஓய்வு என்று வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகவே சத்து ஏற்றினார்கள். கணையத்துக்கு ஓய்வு கொடுத்தபோது குடல் பட்டினி கிடந்தது. குடல் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கான சத்தின் பெரும்பகுதியைத் தன்மேல் கடந்து போகும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புரியும்: கரையைக் கோடையிலேயே மண் அணைத்துப் பராமரிக்காவிட்டால், மழை வந்த பிறகு மூட்டை அடுக்கிப் பயனில்லை. குடலுக்கு அந்தப் பராமரிப்பு உணவு.

1997-ல் கிரேக்க மருத்துவர்கள் 38 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குழாய் வழியாகக் குடலுக்கும், இன்னொரு பிரிவுக்கு ரத்தக்குழாய் வழியாகவும் சத்துக் கொடுத்தார்கள். குடலுக்குப் பெற்றவர்களிடம் கிருமித்தொற்றுச் சிக்கல்கள் குறைந்தன. அடுத்து வந்த ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. குழாய் இரைப்பையைத் தாண்டி சிறுகுடலுக்குள் போக வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது டெல்லி எய்ம்ஸ். 31 பேரிடம் நடத்திய அவர்களுடைய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூக்கிலிருந்து இரைப்பை வரை போகும் சாதாரண ரைல்ஸ் டியூபே போதும் என்று கண்டார்கள். சிறுகுடலுக்குள் குழாய் வைக்க எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரே வசதியோ வேண்டும். ரைல்ஸ் டியூபைப் படுக்கையருகே ஒரு நர்ஸ் போட்டுவிடலாம். நம்மூர் மருத்துவமனைகளுக்கு இது சின்ன லாபமல்ல.

இதிலும் அளவு உண்டு. நெதர்லாந்து மருத்துவர்கள் 208 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் டியூபில் உணவு தொடங்கியவர்களும், மூன்று நாள் பொறுத்து வாயால் சாப்பிட முயன்று, முடியாதபோது மட்டும் டியூப் பெற்றவர்களும் ஒன்றுபோலவே இருந்தார்கள். எனவே உங்கள் தம்பிக்கு முதல் நாளே டியூப் போடவில்லையே என்று கலங்க வேண்டாம். குடலை வாரக்கணக்கில் காயப் போடாமல் இருப்பதே முக்கியம். பெரியவர்கள் சொன்ன பட்டினி, ஒரு வேளை அஜீரணத்துக்குப் பொருந்தும், இந்த நோய்க்குப் பொருந்தாது.

இப்போது அந்தப் பொடி. குடலில் கெட்ட பாக்டீரியா பெருகுகிறது என்றால் புரோபயாடிக் எனும் நல்ல பாக்டீரியாவைச் சேர்ப்பது நியாயமாகத்தான் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படியே தோன்றியது. நெதர்லாந்தில் 298 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2008-ல் முடிவு வந்தது. தொற்று குறையவில்லை. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். பெற்றவர்களில் ஒன்பது பேருக்குக் குடலின் ரத்த ஓட்டம் தடைபட்டு, எட்டுப் பேர் மாண்டார்கள். மற்றப் பிரிவில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் இல்லாமல் திணறும் குடல் சுவரின்மேல் கோடிக்கணக்கான பாக்டீரியாவை இறக்கியது கூடுதல் சுமையாகி, அழற்சியையும் தூண்டியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். வீட்டில் நாம் சாப்பிடும் தயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தீவிரக் கணைய அழற்சியில் படுத்திருப்பவருக்கு அந்தப் பொடியை வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டருக்குத் தெரியாமல் டியூபில் எதையும் கலக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன், காத்திருப்போர் இருக்கைகளில் இவை பேச்சாக வரும். ‘பெரிய ஆண்டிபயாடிக் போடவில்லையே’ என்று யாராவது சொல்வார்கள். முதல் வாரத்தில் இருப்பது கிருமியில்லாத அழற்சி, தொற்று வராமல் தடுக்கவென்று முன்கூட்டிப் போடுவதால் பலன் இல்லை என்றே சோதனைகள் காட்டுகின்றன. தொற்று என்று தெரிந்தால் போடுவார்கள். ‘டிரிப்ஸைக் குறைத்துவிட்டார்கள்’ என்றும் சொல்வார்கள். 2022-ல் வெளிவந்த 249 பேர் ஆய்வில், தாராளமாக நீர் ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு நீர் மிகையானது, அளவோடு ஏற்றியவர்களில் 6.3 சதவீதம் பேருக்குத்தான். அதனால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அளந்து ஏற்றுவது அலட்சியமல்ல.

இனி வரும் வாரங்கள் எப்படி இருக்கும் என்று மறைக்காமல் எழுதுகிறேன். கணைய அழற்சி வந்த ஐவரில் நால்வர் ஒரு வாரத்தில் எழுந்து போய்விடுவார்கள். உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தீவிர வகை என்று 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு சொல்கிறது. தம்பி அந்தப் பிரிவில் இருக்கிறார், உயிருக்கு ஆபத்து உள்ள பிரிவு அது. முதல் வாரம் அழற்சியின் வாரம். அதைத் தாண்டிய பிறகு, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் புதிதாகக் காய்ச்சல் வந்தால் செத்த திசுவில் தொற்றா என்று பார்ப்பார்கள். தொற்று என்றாலும் உடனே வயிற்றைத் திறப்பது இப்போது வழக்கமில்லை. 2010-ல் வெளிவந்த 88 பேர் ஆய்வில், முதலில் வடிகுழாய் வைத்துப் பொறுத்துப் பார்த்த பிரிவில் 35 சதவீதம் பேருக்கு அந்தக் குழாயே போதுமானதாக இருந்தது. ‘காத்திருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னால் அது கைவிட்ட பேச்சல்ல.

குணமாகி வந்த பிறகு பித்தப்பையை எடுத்தாக வேண்டும், இல்லையேல் கல் மறுபடி நழுவும். லேசான நோய் என்றால் மருத்துவமனையில் இருக்கும்போதே எடுப்பது நல்லது. தீவிரமாக வந்தவருக்கு வயிற்றில் தேங்கிய நீர் அடங்கும்வரை சில வாரங்கள் பொறுப்பார்கள். வலி போய்விட்டதே என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் தெருக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதல் என்று இருந்தால், ‘கேஸ்’ என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. லைபேஸ் ரத்தப் பரிசோதனை ஒன்றே பெரும்பாலும் சொல்லிவிடும். ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கமோ செங்கல்பட்டுப் பக்கமோ, 108-ஐ அழைத்து எது அருகிலோ அங்கே போகட்டும்.

தம்பியின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் படுக்கையருகே நிற்கும் டாக்டர்களே, என் கடிதம் அவர்களிடம் நீங்கள் பேச உதவினால் போதும். பார்வை நேரத்தில் கேட்க நேரம் கிடைப்பது கொஞ்சம். அந்த நேரத்தில் லைபேஸ் எவ்வளவு குறைந்தது என்று கேட்காதீர்கள். நோய் என்ன என்று சொல்ல அந்த எண் உதவும், நோயாளி தேறுகிறாரா என்று சொல்லாது. இன்று சிறுநீர் எவ்வளவு போனது, மூச்சுக்கு ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது என்று கேளுங்கள். டியூபில் நேற்றைவிட இன்று எத்தனை மில்லி கூடுதலாகப் போனது, வாந்தியும் உப்பலும் இல்லாமல் வயிறு அதை ஏற்றுக்கொண்டதா என்பதை மறக்காமல் கேளுங்கள். அந்த அளவு நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால், வீட்டுக்குப் போன் செய்து அம்மாவுக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்